அடுப்பும் ஆட்சியும்

நுழையும்முன்

இயற்கையின் இயல்பை அளந்தறிவது அறிவியல். அளந்தறிந்ததைக் கொண்டு மக்களுக்குப் பயன்படும் கருவிகளையும் கட்டமைப்புகளையும் உருவாக்குவது பொறியியல். அவற்றின் பயன் யாரைச் சேர வேண்டும், செலவை யார் ஏற்க வேண்டும், பிழை நேர்ந்தால் யார் விடையளிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அரசியல். இம்மூன்றையும் தம் வாழ்வில் அடுத்தடுத்து மேற்கொண்ட ஒரு பெண்ணின் பணிவாழ்வை இக்கட்டுரை விளக்குகிறது.

விறகடுப்பில் தொடங்கிய ஆய்வு

‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?’ என்னும் வழக்கு ஒருகாலத்தில் நம் ஊர்களில் தடையின்றிப் புழங்கியது. அடுப்புக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்பது அவ்வழக்கின் உட்கிடை. அந்த அடுப்பையே பாடமாக எடுத்துப் படித்த ஒரு பெண், பின்னாளில் தம் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர்தாம் மெக்சிகோ நாட்டின் கிளாடியா ஷீன்பாம்.

மெக்சிகோவின் மேற்குப் பகுதியிலுள்ள மிச்சோவாகான் மாநிலத்தில் புரேபெச்சா என்னும் தொல்குடி மக்கள் வாழ்கின்றனர். நம் தோசைக்கல்லைப் போன்ற ‘கோமால்’ என்னும் தட்டை அடுப்பின்மீது ஏற்றி, மக்காச்சோள மாவால் மெல்லிய அடைகள் சுடுவது அந்நாட்டுச் சமையலின் அடிப்படை. விறகு வெட்டிச் சுமந்து வருவதற்கும் புகைக்கு நடுவே அமர்ந்து சமைப்பதற்கும் பெண்களின் பொழுது பெருமளவு செலவானது. இயற்பியல் மாணவியாக இருந்த ஷீன்பாம், ஊரக வீடுகளில் பயன்படும் விறகடுப்பின் வெப்ப இயக்கவியலைத் தம் பட்ட ஆய்வுக்கு உரிய பொருளாகத் தேர்ந்தெடுத்தார். 1989ஆம் ஆண்டு அந்த ஆய்வேட்டை நிறைவுசெய்து பட்டம் பெற்றார்.

விறகடுப்பில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். மூன்று கல் கூட்டி எரிக்கும் திறந்த அடுப்பில், விறகிலிருந்து வெளிப்படும் வெப்பத்தில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பாத்திரத்தைச் சென்றடைகிறது. எஞ்சியது காற்றிலும் தரையிலும் கலந்து வீணாகிறது. புகை என்பதே முழுமையாக எரியாமல் வெளியேறும் எரிபொருள்தான். எனவே, நல்ல அடுப்பு இரண்டு பணிகளைச் செய்ய வேண்டும். ஒன்று, போதிய காற்றோட்டம் தந்து விறகை முற்றிலும் எரியச் செய்தல். மற்றொன்று, எழும் வெப்பத்தைச் சிதறவிடாமல் பாத்திரத்தின் அடிப்பகுதிக்குச் செலுத்துதல். இவ்விரண்டும் கைகூடினால் விறகு மிச்சமாகும், காடு காக்கப்படும், புகை குறையும். வீட்டுக்குள் சூழும் புகையால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையினர் என்பதை எண்ணினால், விறகடுப்பு எத்துணைப் பெரிய ஆய்வுப்பொருள் என்பது விளங்கும்.

வளர்த்த வீடும் வளாகமும்

ஷீன்பாம் 1962ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் மெக்சிகோ நகரத்தில் பிறந்தார். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவருடைய முன்னோர். தந்தை வேதியியல் துறையைச் சேர்ந்தவர். தாய் உயிரியல் அறிஞர், பல்கலைக்கழகப் பேராசிரியர். அறிவியலும் பொதுவாழ்வும் ஒருசேரப் பேசப்பட்ட வீடு அது. 1968ஆம் ஆண்டு மெக்சிகோவில் மாணவர் எழுச்சி தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் தலைநகரின் ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. அப்போது ஷீன்பாமுக்கு வயது ஆறு. அவ்வெழுச்சிக்கு ஆதரவாக நின்ற பெற்றோரின் வீட்டில், அந்நிகழ்வின் நினைவு நீங்காத பாடமாக இருந்தது.

அவர் பயின்ற மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம், இலத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய கல்வி நிறுவனங்களுள் ஒன்று. 1986ஆம் ஆண்டு பல்கலைக்கழக நிருவாகம் கட்டணங்களை உயர்த்தவும் சேர்க்கை விதிகளைக் கடுமையாக்கவும் முற்பட்டது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாயில் அடைபடும் என்று கருதிய மாணவர்கள் பேரவை ஒன்றை அமைத்துப் போராடினர். 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நிருவாகம் அத்திட்டங்களை நிறுத்திவைத்தது. இப்போராட்டத்தில் பங்கேற்றோருள் ஷீன்பாமும் ஒருவர். ஒருபுறம் ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையை அளந்துகொண்டும், மறுபுறம் மாணவர் கூட்டங்களில் வாதிட்டுக்கொண்டும் அவருடைய இளமை கழிந்தது. பிற்காலத்தில் அவர் அரசியலுக்கு வந்தது திடீரென நேர்ந்த திருப்பமன்று என்பதற்கு இதுவே சான்று.

விளக்கும் வீட்டுக் கணக்கும்

இயற்பியலில் பட்டம் பெற்றபின் அவர் ஆற்றல் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். முதுநிலைப் படிப்பில், விளக்குகளுக்கு ஆகும் மின்சாரத்தைத் திறம்படப் பயன்படுத்துவதன் பொருளியலை ஆராய்ந்தார். இதன் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இழை சூடேறி ஒளிரும் பழைய குண்டு பல்பு, தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை மட்டுமே ஒளியாக மாற்றுகிறது; மற்றவை வெப்பமாகிக் கழிகின்றன. சிறுகுழல் விளக்கு, அதே ஒளியைக் கால் பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். ஆயினும் அதன் விலை மிகுதி. மாதந்தோறும் மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணம் அவ்விலையை ஈடுசெய்துவிடும் என்பது கணக்கு. ஆனால், அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தால் முதல் நாள் கொடுக்க வேண்டிய அத்தொகையைத் திரட்ட இயலாது. ஆகவே, நல்ல விளக்கைக் கண்டுபிடிப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதை எளியோர் வாங்கத்தக்க வழியை யாரேனும் ஏற்படுத்தித் தர வேண்டும். பொறியியல் தன் எல்லையைத் தொட்டு, அரசின் கடமை தொடங்கும் இடம் அதுதான்.

முனைவர் பட்டத்துக்காக அவர் ஆய்ந்த பொருள் இன்னும் விரிவானது. மெக்சிகோ நாட்டு வீடுகளில் ஆற்றல் பயன்படும் போக்கைத் தொழில்வளம் மிக்க நாடுகளின் பட்டறிவோடு அவர் ஒப்பிட்டார். அதற்காக 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாரன்சு பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் சில ஆண்டுகள் தங்கி ஆய்வு மேற்கொண்டார். 1991ஆம் ஆண்டு மெக்சிகோவின் அன்றைய குடியரசுத் தலைவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, நேர்மையான வணிகமும் மக்களாட்சியும் வேண்டுமென எழுதிய பதாகையை ஏந்தி நின்றோரிடையே ஷீன்பாமும் இருந்தார். அயல்நாட்டு ஆய்வகத்தில் இருந்தபோதும் தாய்நாட்டின் நிலை குறித்த அக்கறை அவரை விட்டு நீங்கவில்லை. தம் பல்கலைக்கழகத்தில் ஆற்றல் பொறியியல் முனைவர் படிப்பில் சேர்ந்த முதற்பெண் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். 1995ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

அடுப்பு, விளக்கு, வீடு என்று அவருடைய ஆய்வு படிப்படியாக விரிந்ததை இங்கே நோக்குதல் வேண்டும். ஒரு வீட்டின் சமையலறையில் எழுந்த கேள்வி, ஒரு நாட்டின் எல்லா வீடுகளையும் பற்றிய கேள்வியாக வளர்ந்தது.

மாசு சூழ்ந்த மாநகரம்

2000ஆம் ஆண்டு மெக்சிகோ நகரத்தின் ஆட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆந்திரேஸ் மானுவேல் லோபஸ் ஓப்ரதோர், தம் அரசின் சுற்றுச்சூழல் துறையை ஷீன்பாமிடம் ஒப்படைத்தார். எளிய பொறுப்பன்று அது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது அந்நகரம். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகையால், ஊர்திகளின் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. குளிர்காலத்தில் மேலே நிற்கும் வெப்பக்காற்று, கீழேயுள்ள குளிர்காற்றை மூடிபோல் அழுத்திவைக்க, மாசு வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். 1992ஆம் ஆண்டில் உலகிலேயே மிகவும் மாசடைந்த காற்றைக் கொண்ட நகரம் என்று ஐக்கிய நாடுகள் அவை அதனைக் குறிப்பிட்டிருந்தது. விறகடுப்பில் கண்ட அதே சிக்கல், அதாவது முழுமையாக எரியாத எரிபொருள், இங்கு இரண்டு கோடி மக்கள் வாழும் பெருநகரப் பரப்பின் சிக்கலாக உருவெடுத்திருந்தது.

அவர் பதவியில் இருந்தபோது 2005ஆம் ஆண்டு ‘மெட்ரோபஸ்’ என்னும் பேருந்துத் தடம் தொடங்கப்பட்டது. நகரின் நெடுஞ்சாலையான இன்சுர்கென்டெஸ் வழியே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுக்குப் பேருந்துகளுக்கென்றே தனித்தடம் ஒதுக்கப்பட்டது. உயரமான நடைமேடை, முன்னரே கட்டணம் செலுத்தும் முறை, நீண்ட பேருந்துகள் ஆகியவற்றால் பயண நேரம் குறைந்தது. முன்பு அத்தடத்தில் போட்டியிட்டு ஓடிய சிறு பேருந்துகள் விலக்கப்பட்டதால் புகையும் குறைந்தது.

அதே காலத்தில், நகரைச் சுற்றிச் செல்லும் விரைவுச்சாலையின்மீது இரண்டாம் அடுக்குப் பாலம் கட்டும் பெருந்திட்டத்தின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. மகிழுந்து வைத்திருப்போருக்கே பயன்படும் பாலத்தைச் சுற்றுச்சூழல் துறையின் செயலாளரே முன்னின்று கட்டலாமா என்ற வினா எழுந்தது. சாலைகள் பெருகினால் ஊர்திகளும் பெருகும் என்பது போக்குவரத்து வல்லுநர் பலர் ஒப்பும் உண்மை. அளவீடு காட்டும் வழியும் அரசியல் வேண்டும் வழியும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்பதை அப்பாலம் உணர்த்துகிறது.

மீண்டும் ஆய்வுக்கூடம்

2006ஆம் ஆண்டு லோபஸ் ஓப்ரதோர் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டார். ஷீன்பாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பங்களிப்பாசிரியராகவும், 2014ஆம் ஆண்டு வெளியான ஐந்தாம் மதிப்பீட்டின் தொழில்துறை பற்றிய இயலுக்கு முதன்மை ஆசிரியர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

அவ்வியல் ஆராய்ந்த சிக்கல்களின் தன்மையைச் சிமென்ட்டை வைத்து அறியலாம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டே சிமென்ட் செய்யப்படுகிறது. சூளையை எரிக்கும் நிலக்கரியிலிருந்து கரியமிலவாயு வெளிப்படுவதை யாரும் எளிதில் ஊகிக்கலாம். ஆனால், சுடும்போது சுண்ணாம்புக்கல்லே சிதைந்து கரியமிலவாயுவை வெளியிடுகிறது. எனவே, எரிபொருளை மட்டும் மாற்றினால் போதாது. சிமென்ட்டின் கலவையையும் கட்டடம் கட்டும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வீடுகள் வேண்டும், பாலங்கள் வேண்டும், புவியும் வெப்பமடையக் கூடாது என்னும் நிலையில் நாடுகள் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது? அறிக்கை வழிகளைக் காட்டும். தேர்ந்தெடுக்க வேண்டியவை அரசுகளே.

தெரியுமா?

2007ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழுவுக்கும் அமெரிக்காவின் அல் கோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அக்குழுவுக்காக உழைத்த அறிவியலாளர்களைச் சிலர் ‘நோபல் பரிசு பெற்றவர்கள்’ என எழுதுவதுண்டு. அது சரியன்று. பரிசு குழு என்னும் அமைப்புக்கே உரியது. தனிமனிதர் எவருக்கும் உரியதன்று என அக்குழுவே விளக்கியுள்ளது. ஷீன்பாமுக்கும் இது பொருந்தும்.

நிலம் நடுங்கிய நாள்

லோபஸ் ஓப்ரதோரின் தலைமையில் உருவான ‘மொரேனா’ இயக்கத்தின் தொடக்கக்கால உறுப்பினர்களுள் ஷீன்பாமும் ஒருவர். 2014ஆம் ஆண்டு அது அரசியல் கட்சியாகப் பதிவுபெற்றது. 2015ஆம் ஆண்டு மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியிலுள்ள ட்லால்பான் வட்டாரத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2017 செப்டம்பர் 19ஆம் நாள் பிற்பகல், 7.1 அளவிலான நிலநடுக்கம் நடு மெக்சிகோவை உலுக்கியது. 1985ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 19இல்தான் அந்நகரைப் பெரும் நிலநடுக்கம் சிதைத்திருந்தது. அதன் நினைவாக அன்று காலையில் ஒத்திகை நடந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. ட்லால்பானில் ஒரு தனியார் பள்ளியின் கட்டடம் இடிந்து விழுந்தது. 19 குழந்தைகள் உள்பட 26 பேர் உயிரிழந்தனர். பள்ளிக் கட்டடத்தின்மேல் முறையாக இசைவு பெறாத கூடுதல் கட்டுமானம் எழுப்பப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. பள்ளியின் உரிமையாளர் நீண்ட கால சிறைத்தண்டனை பெற்றார்.

விதிமீறல், ஷீன்பாம் பதவியேற்பதற்கு முன்பே தொடங்கியது. எனினும், அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் வட்டார நிருவாகத்துக்கு இருந்ததே என்று பிள்ளைகளை இழந்த பெற்றோர் வினவினர். அவ்வினா அவரை நெடுநாள் தொடர்ந்தது. நகரத்தின் நிலம் வற்றிய ஏரியின் படுகை என்பதும், அம்மென்மையான மண் அதிர்வைப் பன்மடங்காக்கும் என்பதும் பொறியாளர்கள் நன்கறிந்தவை. 1985க்குப் பிறகு கட்டட விதிகளும் கடுமையாக்கப்பட்டிருந்தன. அறிவு இருந்தது, விதி இருந்தது, விதியை நடைமுறைப்படுத்தும் கண்காணிப்பே இல்லாமற்போனது.

மேட்டுக்குடியிருப்பும் கம்பிவட ஊர்தியும்

2018ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் வென்று, அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் மெக்சிகோ நகர அரசின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதற்பெண் அவரே.

அந்நகரின் கிழக்கிலுள்ள இஸ்தபலாபா வட்டாரத்தில் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். மலைச்சரிவில் நெருங்கி எழுந்த குடியிருப்புகளிலிருந்து அடிவாரத்துத் தொடர்வண்டி நிலையத்தை அடையக் குறுகிய, வளைந்த தெருக்களில் நெடுநேரம் செல்ல வேண்டும். அத்தெருக்களில் பேருந்துத் தடம் அமைக்க இடமில்லை; சுரங்கம் தோண்டுவதற்கோ செலவு மிகுதி. இவ்விடத்தில் கம்பிவட ஊர்தி தக்க விடையானது. தூண்கள் நிற்குமளவு நிலம் இருந்தால் போதும். 2021ஆம் ஆண்டு நகரின் வடக்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவுக்கும், இஸ்தபலாபாவில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவுக்கும் ‘கேபிள்பஸ்’ தடங்கள் திறக்கப்பட்டன. சுற்றுலாத் தலங்களுக்குரியது என்று கருதப்பட்ட ஊர்தி, கூலித்தொழிலாளரின் அன்றாடப் போக்குவரத்தாயிற்று.

குழாய்நீர் முறையாக வராத வீடுகளில் மழைநீர் சேமிப்பு அமைப்புகளை நிறுவும் திட்டத்தையும் அவருடைய அரசு 2019ஆம் ஆண்டு தொடங்கியது. நகரின் மாபெரும் மொத்த விற்பனைச் சந்தையின் கூரைமீது சூரிய மின்தகடுகள் பரப்பப்பட்டன. பயன்படாது கிடந்த கூரை மின்னுலையாக மாறியது.

கொரோனா பெருந்தொற்றின்போது, பரிசோதனைகளைப் பெருக்குவதிலும் முகக்கவசத்தை வலியுறுத்துவதிலும் அவர் நாட்டின் நடுவணரசைவிட முனைப்புக் காட்டினார். அதே வேளையில், கொரோனாவுக்கு எதிராகப் பயன் உறுதிப்படாத ஐவர்மெக்டின் மருந்தை நகர அரசு நோயாளிகளுக்கு வழங்கியது. அம்மருந்து நற்பயன் தந்ததாக அதிகாரிகள் எழுதிய ஆய்வுக்கட்டுரையை, வெளியிட்ட இணையக் களஞ்சியமே 2022ஆம் ஆண்டு விலக்கிக்கொண்டது. அறிவியல் பின்புலம் உள்ளவரின் ஆட்சியும் சான்று கேட்கும் வினாவிலிருந்து தப்ப முடியாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

சரிந்த பாலம் சொல்லும் பாடம்

2021 மே 3ஆம் நாள் இரவு, மெக்சிகோ நகர மெட்ரோவின் 12ஆம் தடத்தில் ஒரு தொடர்வண்டி சென்றுகொண்டிருந்தபோது மேம்பாலத்தின் உத்தரம் முறிந்தது. பெட்டிகள் கீழேயிருந்த சாலையை நோக்கிச் சரிந்தன. 26 பேர் உயிரிழந்தனர்.

அத்தடம் 2012ஆம் ஆண்டு, முந்தைய ஆட்சியில் திறக்கப்பட்டது. நகர அரசு நார்வே நாட்டைச் சேர்ந்த வல்லுநர் நிறுவனம் ஒன்றிடம் ஆய்வை ஒப்படைத்தது. இரும்பு உத்தரமும் அதன்மேல் இட்ட காங்கிரீட் தளமும் ஒன்றாக இணைந்து எடையைத் தாங்க வேண்டும் என்பதே அப்பாலத்தின் வடிவமைப்பு. இரண்டையும் பிணைப்பவை உத்தரத்தின் மேற்பரப்பில் பற்றவைக்கப்பட்ட சிறு இரும்பு முளைகள். அவற்றுட் பல முறையாகப் பற்றவைக்கப்படவில்லை. சில இடங்களில் இருக்கவேண்டிய முளைகளே இல்லை. இணைப்பு அற்றுப்போனதால், தளத்தோடு சேர்ந்து தாங்கவேண்டிய எடையை உத்தரம் தனித்துத் தாங்கி வளைந்து முறிந்தது.

அந்நிறுவனம், உரிய முறையில் ஆய்வும் பராமரிப்பும் நடைபெறாததையும் தன் மூன்றாம் அறிக்கையில் சுட்டியது. ஷீன்பாமின் அரசு அவ்வறிக்கையை ஏற்க மறுத்து, நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர முற்பட்டது. கட்டியவர்களின் பிழை என்றால் பொறுப்பு முந்தைய ஆட்சிக்கு. கண்காணிக்கத் தவறியதும் பிழை என்றால் பொறுப்பு நடப்பு ஆட்சிக்கும் உண்டு. ஒரு பொறியியல் அறிக்கையின் சொற்கள் அரசியலில் எத்துணைக் கனம் பெறுகின்றன என்பதை இங்கே காண்கிறோம். தம் பொறுப்பில் இருக்கும் ஒன்றைப் பிறர் அளந்து குறை கூறும்போது, அவ்வளவீட்டைச் செவிமடுப்பது, பிறவற்றைத் தாம் அளப்பதைவிடக் கடினமானது.

இரு பொறியாளர்கள், ஒரு தேர்தல்

மெக்சிகோவில் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1953ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதன்பின்னும் சட்டமன்றங்களில் பெண்கள் அரிதாகவே இடம்பெற்றனர். பெண்கள் இயக்கங்களின் நெடிய முயற்சியால், 2014ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம் நாடாளுமன்ற வேட்பாளர்களுள் சரிபாதியினர் பெண்களாக இருக்க வேண்டும் என விதித்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் அந்நெறியை அரசின் எல்லாக் கிளைகளுக்கும் விரித்தது.

அவ்வகையில் செப்பனிடப்பட்ட களத்தில் 2024ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. முதன்மைப் போட்டியாளர் இருவரும் பெண்கள். இருவரும் பொறியியல் கற்றவர்கள். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். எதிரணியின் வேட்பாளரான சோச்சில் கால்வெஸ், இதால்கோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஓதோமி தொல்குடித் தந்தைக்கு மகளாகப் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தின்பண்டம் விற்றுக் குடும்பத்துக்கு உதவியவர். கணினிப் பொறியியல் கற்று, சொந்தமாகத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கி, பின்னர் மேலவை உறுப்பினரானவர். இருவருடைய கொள்கைகளும் வெவ்வேறானவை. பெண்கள் என்பதாலோ பொறியாளர்கள் என்பதாலோ இருவரும் ஒரே கருத்துடையவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண் வேட்பாளர்களைக் கொள்கையால் மட்டுமே வேறுபடுத்திப் பார்ப்பதுபோல, பெண்களையும் பார்க்கும் வாய்ப்பை அத்தேர்தல் வாக்காளர்க்கு அளித்தது.

சூன் 2ஆம் நாள் நடந்த வாக்குப்பதிவில் ஷீன்பாம் ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். கால்வெஸ் 27 விழுக்காட்டுக்குச் சற்று மிகுதியாகப் பெற்றார். 2024 அக்டோபர் 1ஆம் நாள், மெக்சிகோவின் முதற்பெண் குடியரசுத் தலைவராக ஷீன்பாம் பதவியேற்றார். அறிவியலுக்கெனத் தனி அமைச்சகமும் மகளிர்க்கெனத் தனி அமைச்சகமும் அவருடைய ஆட்சியில் ஏற்படுத்தப்பட்டன.

தீராத கணக்கு

அவர்முன் உள்ள பெருஞ்சிக்கலும் ஆற்றல் பற்றியதே. 1938ஆம் ஆண்டு அயல்நாட்டு நிறுவனங்களிடமிருந்து எண்ணெய் வளத்தை மீட்டு நாட்டுடைமையாக்கியதை மெக்சிகோ மக்கள் தம் விடுதலை வரலாற்றின் ஒரு பகுதியாகவே போற்றுகின்றனர். அதற்கென உருவான ‘பெமெக்ஸ்’ நிறுவனம் இன்று பெருங்கடனில் உழல்கிறது. அதைக் காக்கவும் வேண்டும். காற்றும் கதிரவனும் தரும் மின்சாரத்தைப் பெருக்கவும் வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. காலநிலை அறிக்கை எழுதிய கை, எண்ணெய் நிறுவனத்துக்கு நிதி ஒதுக்கும் ஆணையிலும் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. இதை முரண்பாடு என்போரும் உளர்; படிப்படியான மாற்றத்துக்கு இதுவே வழி என்போரும் உளர்.

மெக்சிகோவில் குடியரசுத் தலைவர் ஆறாண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பதவி வகிக்கலாம். மறுமுறை போட்டியிட இயலாது. அவருடைய பதவிக்காலம் 2030ஆம் ஆண்டு நிறைவுறும். அதற்குள் அவர் எதைச் சாதித்தார், எதில் தவறினார் என்பதை மெக்சிகோ மக்களே மதிப்பிடுவர்.

மேல்நிலைக் கல்வியில் அறிவியலைத் தேர்ந்தவர் சமூகத்தைப் பற்றி எண்ண வேண்டியதில்லை என்றும், கலைப்பாடத்தைத் தேர்ந்தவருக்குக் கணக்கு வேண்டியதில்லை என்றும் கருதும் போக்கு உண்டு. ஷீன்பாமின் பணிவாழ்வு அவ்விரு எண்ணங்களையும் மறுக்கிறது. அடுப்பின் வெப்பத்தை அளந்தவருக்கு விறகு சுமப்பவர் யார் என்பதும் தெரிய வேண்டியிருந்தது. பாலத்துக்கு ஆணையிடுபவருக்கு அதன் முளைகள் சரியாகப் பற்றவைக்கப்பட்டனவா என்று கேட்கத் தெரிய வேண்டியிருக்கிறது. வாக்களிக்கும் குடிமக்களுக்கும் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. ‘எவ்வளவு செலவாயிற்று? யாருக்குப் பயன்பட்டது? சரிபார்த்தவர் யார்?’ என்னும் மூன்று வினாக்களையும் தயங்காமல் எழுப்பக் கற்றுக்கொள்ளும் மாணவர், எந்தப் பாடப்பிரிவைச் சேர்ந்தவராயினும், மக்களாட்சிக்கு வேண்டிய கல்வியைப் பெறத் தொடங்கிவிட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் பயன்படும் மின்சாரத்தையும் எரிபொருளையும் குறித்துவைத்து, எங்கெங்கு வீணாகிறது என்பதைப் பட்டியலிட்டு வகுப்பறையில் விளக்குக.

2. உங்கள் ஊரிலுள்ள பாலம், நீர்த்தொட்டி, பேருந்து நிலையம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது கட்டப்பட்ட ஆண்டு, பராமரிக்கும் துறை ஆகியவற்றைக் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.

3. ‘அறிவியல் கற்றோர் ஆட்சிக்கு வருதல் நாட்டுக்கு நன்மை பயக்கும்’ என்னும் தலைப்பில், இக்கட்டுரையின் செய்திகளைச் சான்றாகக் கொண்டு ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.